வலது பக்கத்துத் தகடு

ஆரணியில் கார் டிங்கர் வேலைக்கு யாரைக் கேட்டாலும் வேடியப்பனைத்தான் கை காட்டுவார்கள். சேத்துப்பட்டு ரோட்டில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் அவருடைய தகரக் கொட்டகை. ஊரில் ஓடுகிற கார், வேன் எல்லாவற்றுக்கும் ஓட்டை அடைக்கிற மனிதர், சொந்தக் கூரையின் ஓட்டையை மட்டும் முப்பது வருஷமாக அடைக்கவில்லை. ஐப்பசி மாதத்தில் அந்தக் கொட்டகைக்குள் போய் நின்றால், வெளியே பெய்வதைவிட உள்ளே ரெண்டு சொட்டு கூடுதலாகவே பெய்யும்.

பேச்சு ரொம்பக் குறைவு. அவர் பிறந்ததிலிருந்து பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அதிலும் பாதி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதாகத்தான் இருக்கும்.

"பட்டி வெக்க வேற ஆளப் பாருங்க."

பட்டி என்பது ஒரு பசை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கார் பெண் பார்க்க வரும் நாளில் பவுடர் போட்ட முகம் மாதிரி இருக்கும். உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும். அந்தப் பாவத்தை வேடியப்பன் செய்ய மாட்டார். துருப்பிடித்த தகட்டை அறுத்து எடுப்பார், புதுத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துத்தான் கொடுப்பார். சந்தவாசலிலிருந்து ஒருத்தர் டிராக்டர் மட்கார்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் மட்கார்டுக்கும் ஒரு அரை டிக்கெட் போட்டாராம்.

இவ்வளவு பெரிய பேர் எப்படி வந்தது? ஒரு செருப்படியில் வந்தது. அடி விழுந்தது மட்டும் வேறொருத்தர் மேல்.

தை மாதம் ஒரு காலையில், டிராக்டர் டிரெய்லரில் ஒரு பழைய அம்பாசடர் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே சந்திரமோகன் வந்தார். பட்டுப் புடவை வியாபாரம், நாற்பது வயது, கையில் எப்போதும் போன். அந்தப் போனை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டுமென்றால் வேலூரிலிருந்து பெரிய டாக்டர் வரவேண்டும்.

"வேடிண்ணா, நைனா காரு. ஞாபகம் இருக்குதா?"

வேடியப்பன் காரைப் பார்த்தார். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? பதினெட்டு வருஷமாக அந்தக் காரின் இடது பின்கதவு அவர் வயிற்றுக்குள்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இருக்குதுங்க தம்பி."

"புது கடை தொறக்கறோம் இல்ல, கண்ணாடிக்கு முன்னாடி இத நிறுத்தப் போறேன். வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துக்கணும். துரு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் அடித்தகடு, கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டித் தகடு, எல்லாம் அறுத்துப் போட்டுட்டு புதுசு. தெனம் நான் வந்து வீடியோ எடுப்பேன். ஜனங்களுக்கு பழைய காரு ரெடி பண்றத பாக்கறதுன்னா அவ்ளோ ஆசை."

"வீடியோ எதுக்குங்க தம்பி..."

"அட, உன் மூஞ்சிய ஒலகமே பாக்கட்டும்ணா! அதோட, அந்த குமரேசன் நைனா வண்டில பண்ண பித்தலாட்டத்தயும் பாக்கட்டும். உள்ள அட்டைய வெச்சு மூடுனான் பாரு, அத அறுக்கும்போது மட்டும் என்ன கூப்புடாம இருந்துடாத."

வேடியப்பன் டிரெய்லர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு அவிழவே இல்லை. ஆடு கட்டுகிற சாதாரண முடிச்சுதான்.

பதினெட்டு வருஷம் முன்னால் வரைக்கும் அந்தக் கொட்டகை ரெண்டு பேருடையது. வேடியப்பன், குமரேசன். குமரேசன் வாய் ஓயாத ஆள். சுத்தியலுக்கு ஓய்வு கொடுத்தாலும் நாக்குக்குக் கொடுக்க மாட்டார். ஆரணியில் தடுக்கி விழுந்தால் தறிமேல்தான் விழவேண்டும், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலே ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். எந்த ஓட்டையோ அந்த டிசைன் புடவையில் விழும். அந்த அட்டையைக் காட்டி குமரேசன் தினமும் ஒரே தமாஷ்தான் செய்வார்: "நம்ம ஊருல தகடுக்கு பஞ்சம் வந்தா இன்னா? அட்டைய வெச்சு அடிச்சிடலாம். காருக்கும் பொடவ மாதிரி பார்டரும் புட்டாவும் வந்துடும்." டீக்கடையில் சொல்வார், பஸ் ஸ்டாண்டில் சொல்வார், கேட்ட ஆளிடமே மறுபடி சொல்வார்.

சொன்னது அவர். செய்தது வேடியப்பன்.

இருபது வருஷம் முன்னால், சந்திரமோகனின் அப்பா இராஜமாணிக்கம் அடித்தகடு துருப்பிடித்த காரை வேலைக்கு விட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். குமரேசன் வலது, வேடியப்பன் இடது. இருந்த தகடு வலது பக்கத்துக்கே சரியாகப் போனது. வேலூரிலிருந்து தகடு வர இன்னும் ரெண்டு நாள். "ரெண்டு நாள் ஆவும்னு சொல்லிடலாம்டா, கெழவரு இன்னா கடிச்சா துன்னுடுவாரு?" என்று குமரேசன் சொல்லிவிட்டு மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் இராஜமாணிக்கத்தின் ஆள் வந்து நின்றான். அய்யா சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்குப் போகிறார், கார் ஜல்தியாக வேண்டும். வேடியப்பனுக்கு வாய் திறந்து 'முடியாது' என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து முள்ளிப்பட்டில் இருக்கும் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தார். மனைவி தெய்வநாயகி பரணில் கட்டி வைத்திருந்த பழைய டிசைன் அட்டைக்கட்டிலிருந்து அஞ்சு அட்டையை உருவினார். ஓட்டையில் அட்டையை அடுக்கி, மேலே பட்டி அப்பி, பெயிண்ட் அடித்து, கால்மிதி போட்டு மூடினார். பார்க்க அரண்மனைத் தரை மாதிரி இருந்தது.

ரெண்டு வருஷம் தாங்கியது. தினமும் கால் வைக்கிற இடம், மழைத் தண்ணீர் தேங்குகிற இடம். அட்டை ஈரத்தைக் குடித்துக் குடித்து, சுற்றியிருந்த நல்ல தகட்டையும் தின்றுவிட்டது. ஒரு நாள் படவேடு போய்த் திரும்புகையில், பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்த இராஜமாணிக்கத்தின் கால் தரையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டுக்குப் போனது. கணுக்கால் முறிந்தது. கார் அன்றோடு வீட்டு ஷெட்டில் முடங்கியது. மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கால் செருப்பு காலில், இன்னொன்று கையில்.

"எவன்டா என் காருக்கு அட்டைய வெச்சவன்?"

கொட்டகை முன்னால் கூட்டம். வேடியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய்யும் சொல்லவில்லை. திரும்பி, குமரேசனைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

தினமும் அட்டைத் தமாஷ் செய்த ஆளை ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "அய்யா, நான் வலது பக்கங்க..." என்று குமரேசன் வாயைத் திறந்த நேரம் செருப்பு கன்னத்தில் விழுந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று. அந்த வாரமே குமரேசன் குடும்பத்தோடு சென்னைக்குப் பஸ் ஏறினார். அடுத்த வாரத்திலிருந்து வேடியப்பன் பட்டி வைப்பதை நிறுத்தினார். ஊர் சொன்னது: தங்கமான மனுஷன், கூட்டாளி சரியில்ல, பாவம்.

இப்போது கார் அதே கொட்டகையில் நின்றது. வேடியப்பன் காரின் கதவு வாசலில் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து வெல்டிங் அடித்தார். அடித்தகட்டையும் பெட்டித் தகட்டையும் அறுத்தால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு அந்தக் கதவை மூட பத்து யானை வந்து தள்ள வேண்டியிருக்கும். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இதை எல்லாம் முதலில் சொல்லிக் கொடுத்ததே குமரேசன்தான்.

வலது பக்கம் முதலில். சந்திரமோகன் போனை நீட்டிக்கொண்டு குந்தினார். கிரைண்டர் தீப்பொறி கக்கியது. தகடு விட்டு வந்தது. வேடியப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார்.

இருபது வருஷ வேலை. உள்பக்கம் சிவப்புப் பூச்சு கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வெல்டிங் புள்ளிகள் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக, தையல் மிஷினில் ஓட்டினது மாதிரி. தண்ணீர் வடிய ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை வேறு. யாரும் பார்க்காத இடத்துக்கு ஒருத்தன் இப்படி வேலை செய்திருக்கிறான். இன்னும் நாற்பது வருஷம் ஓடியிருக்கும்.

"இன்னாண்ணா இது, ஒண்ணுமே இல்லியே?" சந்திரமோகன் போனை அணைத்தார். "நான் கூட இன்னாவோ இருக்கும்னு பாத்தேன். செரி, இத போட மாட்டேன், பேஜாரா இருக்கும். இடது பக்கம் அறுக்கும்போது சொல்லு."

"இது நல்லாருக்குதுங்க தம்பி. இது அப்படியே இருந்துட்டா..."

"புதுசுன்னா புதுசுண்ணா. பழசு எதுவும் வேணாம்."

வேடியப்பன் அந்தத் தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் போடவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

வலது பக்கம் முடிய பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கத்தைச் சந்திரமோகன் வருவதற்கு முன்பே அறுத்து, அட்டையை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம். வீடியோவில் வெறும் துரு தெரியும், குமரேசன் தப்பித்துக்கொள்வார், தானும் தப்பித்துக்கொள்ளலாம். கிரைண்டரைக் கையில் எடுத்தும் விட்டார். எதிரில் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து வலது பக்கத்துத் தகடு எட்டிப் பார்த்தது. கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு சந்திரமோகனுக்குப் போன் போட்டார்.

"வாங்க தம்பி. அறுக்கப் போறேன்."

தகடு வந்ததா என்றால் வரவில்லை, உதிர்ந்தது. துருப்பொடி மூக்கில் ஏறியது. பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதன் அடியில், கால் போன ஓட்டையைச் சுற்றி, பசையில் ஊறிக் கல்லாகிப் போன அட்டைகள். ஓட்டைகள் வரிசை வரிசையாக.

"பாத்தியா! பாத்தியா!" சந்திரமோகன் துள்ளினார். போனை அட்டைமேலேயே ஒட்டிவிடுவது போலக் கொண்டுபோனார். "நல்லா பாத்துக்கோங்க ஜனங்களே. எங்க நைனா கால ஒடச்சது இதான். குமரேசன்னு ஒரு ஆளு..."

"அவன் இல்லிங்க தம்பி."

"இன்னாது?"

"அது நான் வெச்சது. இடது பக்கம் நான்தான் பண்ணேன்."

போன் ஓடிக்கொண்டிருந்தது. சந்திரமோகன் அதை அட்டையிலிருந்து வேடியப்பன் முகத்துக்குத் திருப்பினார். அப்புறம் அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. வேடியப்பன் தோளில் கை போட்டார்.

"வேடிண்ணா, நீ மனுஷனே இல்லண்ணா, தெய்வம். ஓடிப் போன கூட்டாளிக்காக இன்னிக்கும் பழிய உன் தலைல ஏத்திக்கற பாரு."

"இல்லிங்க, நெசமாலுமே..."

"போதும்ணா. அழ வெக்காத."

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆரணியே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது. பசுமாடுகள் மட்டும்தான் பாக்கி, அதுவும் போன் இல்லாததால். "நண்பன் செய்த துரோகத்தைத் தன் தலையில் சுமக்கும் நல்ல உள்ளம்" என்று மேலே எழுத்து ஓடியது. பின்னால் சோகமாக வயலின். டீக்கடையில் வேடியப்பனை உட்கார வைத்து டீ கொடுத்து, குடிக்கிறாரா என்று நின்று பார்த்தார்கள்.

அவர் அந்த அட்டைகளில் ஒன்றைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தெய்வநாயகி தறியில் இருந்தார். வேடியப்பன் அட்டையைப் பலகைமேல் வைத்தார். பட்டி மூடாத மூலையில் சிவப்பாக ஒரு எண். பென்சில் அழிந்துபோகும் என்று தெய்வநாயகி தன் அட்டைகளுக்கு நகப்பூச்சில்தான் எண் போடுவார். நாலுக்கு மட்டும் வால் நீளமாக இழுப்பார்.

"நாப்பத்திரெண்டு." தெய்வநாயகி இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "இது என் மாங்கா பார்டர் அட்டை. பெருச்சாளி இழுத்துகினு போச்சுன்னு நீ சொன்னது."

வேடியப்பன் தலையை ஆட்டினார்.

"அந்த பெருச்சாளிக்கு ஒரு வருசம் பொறில கருவாடு வெச்சேன்யா நானு. வூட்டுக்கு வாங்காம அதுக்கு வாங்கி வெச்சேன்." சிரிப்பது போல ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "குமரேசன் பொண்டாட்டி அன்னிக்கு இங்கதான் வந்து ஒக்காந்து அழுதா. எங்கூட்டுக்காரு இல்லக்கா, சாமி சத்தியமா இல்லக்கான்னா. நான் அவகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? எங்கூட்டுக்காருக்கு பொய்யி சொல்ல வராதுன்னு சொன்னேன்."

அவர் எழுந்து பரணிலிருந்து மிச்ச அட்டைக்கட்டை இறக்கினார். நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்தாறு. "கெளம்பு" என்றார்.

புதுக் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு மேலே இராஜமாணிக்கம் சந்தன மாலையோடு படமாகத் தொங்கினார். தெய்வநாயகி அட்டைக்கட்டை மேசைமேல் பிரித்து வைத்து, கார் அட்டையை அதன் இடத்தில் சொருகிக் காட்டினார். கயிறு கோத்த ஓட்டைகூட நேராக வந்து உட்கார்ந்தது.

"பாத்துக்கோங்க தம்பி. எண்ணு என் கையெழுத்து. பொம்பள நான் சொல்றேன், இவருதான் பண்ணது. குமரேசன் இல்ல. அந்த வீடியோவ எடுத்துட்டு, இத போடுங்க."

பட்டு வியாபாரிக்கு அட்டை படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்திரமோகன் எண்ணைப் பார்த்தார், மாங்காயைப் பார்த்தார். வேலை ஆட்களை வெளியே போகச் சொன்னார். முதல் தடவையாகப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா, இது நெஜம்னே வெச்சுக்கலாம். அப்ப எங்க நைனா இன்னா பண்ணாரு? ஒண்ணும் பண்ணாத ஒருத்தன, ஊரு நடுவுல, செருப்பால அடிச்சாரு. அப்டித்தானே ஆவுது?"

அவர் கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கை காட்டினார்.

"அவரு போயி அஞ்சு வருசம் ஆவுது. அவரு பேருலதான் கடையே தொறக்கறேன். நைனா செருப்பு தப்பு பண்ணிச்சுன்னு நான் வீடியோ போடணுமா? வேடிண்ணா, ஊரே உன்ன கையெடுத்து கும்புடுது. குமரேசன் எங்கியோ நல்லாத்தான் இருப்பான். இத்தோட வுட்டுடு."

அட்டைக்கட்டை அடுக்கினார். நாற்பத்திரெண்டாம் அட்டையும் அதிலேயே இருந்தது. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "பழைய டிசைன்க்கா, இப்ப மறுபடி கேக்கறாங்க. நானே வெச்சுக்கறேன்."

வெளியே வந்ததும் தெய்வநாயகி புருஷனோடு நடக்கவில்லை. பத்தடி முன்னால் நடந்தார். முள்ளிப்பட்டில் குமரேசனுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருத்தி வீட்டுக்குப் போய், ஒரு போன் நம்பரை வாங்கி வந்து வேடியப்பன் கையில் திணித்தார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்... வேடி."

"தெய்வமா பேசறது?" அதே குரல். "இப்பதான் பாத்துகினு இருந்தேன். இங்க அம்பத்தூர்ல ஒரு அபார்ட்மெண்டுல வாட்ச்மேன்டா நானு. எட்டாவது மாடி அம்மா காட்னாங்க. உங்க ஊரு ஆளு பாருங்க, எவ்ளோ நல்லவருன்னாங்க. ஆமாம்மான்னேன்."

"சொன்னேன்டா. நான்தான்னு சொன்னேன். நம்பல."

"எப்பிடி நம்புவான்? அன்னிக்கு சொல்லியிருந்தா நம்பியிருப்பானுங்க. அன்னிக்கு உனக்கு பேரே இல்லியே. என்ன அனுப்பிட்டுத்தானே நீ பேரு சம்பாரிச்ச."

குமரேசனே அடுத்ததையும் கேட்டார். இந்தத் தடவை குரலில் தமாஷ் இல்லை.

"என் பக்கம் அறுத்தியா?"

"அறுத்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"துரு இல்லடா. நேத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"அத வீடியோ எடுத்தானா?"

"எடுத்தான். போடல."

"ம்." அந்தப் பக்கம் ஒரு கார் ஹாரன் அடித்தது. "எப்பிடி போடுவான். பாக்க ஒண்ணுமே இல்லியே அதுல. செரி, கேட்டு தொறக்கணும். தெனம் நூறு காரு போவுதுடா இங்க, ஒண்ணயாவது கை வெச்சு தட்டிப் பாக்கலாம்னா வுட மாட்றானுங்க. இந்த நம்பருக்கு இனிமே பண்ணாத."

கார் ஆவணியில் கடை முன்னால் நின்றது. இடது பக்கமும் வலது பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஊரே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. கடை திறப்பு அன்றைக்கு வேடியப்பனுக்குச் சால்வை போட ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. அடக்கம் என்று அதற்கும் ஒரு கைதட்டல்.

அந்த வலது பக்கத்துத் தகட்டை அவர் கொட்டகை வாசலில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில், கம்பி போட்டு மாட்டினார். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. மேலே பெயிண்டில் தன் கையால் எழுதினார்: குமரேசன் வேலை.

முதல் நாளே பால் வேன்காரர் வந்து நின்று பார்த்தார். வீடியோ பார்த்தவர்தான்.

"ஓ, இதான் அந்த பித்தலாட்டமா?" விரலால் ரெண்டு தட்டு தட்டினார். தகடு நல்ல மணி மாதிரிச் சத்தம் கொடுத்தது. "பாக்க நல்லாத்தாண்ணா இருக்குது. உள்ள இன்னாத்த வெச்சிருக்கானோ."

"உள்ள ஒண்ணும் இல்ல. தகடுதான்."

"நீ வுட்டுக் குடுக்க மாட்டியே!" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள். வேடியப்பன் ஒவ்வொருத்தருக்கும் அதையேதான் சொல்கிறார். அவர் பேசுவது முன்னைவிடக் கூடிவிட்டது. இப்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதாது. ஆனால் ஒருத்தரும் நம்புவதில்லை.